நாய் இருமியதில் தொற்றிய பிளேக்: கொலராடோ, 2014

நிகழ்வு

2014 ஜூன் 24. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இரண்டு வயது ஆண் பிட்புல் நாய் ஒன்றுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, 41 டிகிரி செல்சியஸ். தாடை இறுகிவிட்டது. வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. வலது முன்னங்காலை ஊன்ற முடியாமல் தள்ளாடியது. மறுநாள் மூச்சு வாங்க ஆரம்பித்து, இருமலில் ரத்தமும் வந்தது. இனித் தேறாது என்ற நிலையில் உள்ளூர்க் கால்நடை மருத்துவமனையில் அதை ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்துவிட்டார்கள்.

இந்த அறிகுறிகளைப் பார்த்தால் யாருக்கும் முதலில் என்ன தோன்றும்? விஷம், ரேபிஸ், டெட்டனஸ், அல்லது எங்கேயோ பலமாக அடிபட்டிருக்கிறது. பிளேக் என்று தோன்றாததில் வியப்பில்லை. பிளேக் கிருமி தொற்றிய நாய்கள் பெரும்பாலும் லேசான காய்ச்சலோடு தேறிவிடும். பல நாய்களுக்கு அறிகுறியே தெரியாது. பூனைதான் கடுமையாகப் படுத்துக்கொள்ளும். அதனால் பிளேக் இருக்கும் பகுதிகளில் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர்கள்கூடப் பூனையிடம் காட்டும் எச்சரிக்கையை நாயிடம் காட்டுவதில்லை. நுரையீரல் பிளேக்கால் ரத்தம் கக்கும் நாய் மிக அபூர்வம்.

ஜூன் 28 அன்று நாயின் உரிமையாளருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. நடுத்தர வயது, அதுவரை ஆரோக்கியமாக இருந்தவர். இரண்டே நாளில் நிலைமை முற்றி, சளியில் ரத்தத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தார். எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்தது. தீவிர சிகிச்சையும் செயற்கைச் சுவாசமும் தேவைப்பட்டன.

ரத்தத்தை எடுத்து கல்ச்சருக்கு அனுப்பியிருந்தார்கள். கிருமி வளர்ந்தது. தானியங்கி இயந்திரம் அதற்கு ஒரு பெயரும் கொடுத்தது: சூடோமோனாஸ் லூட்டியோலா. ஜூலை 8 அன்றுதான் மாநில சுகாதாரத் துறையின் ஆய்வகம் அதே கிருமியை மறுபடி சோதித்து, அது யெர்சினியா பெஸ்டிஸ், அதாவது பிளேக் கிருமி என்று சொன்னது. காய்ச்சல் தொடங்கியதிலிருந்து அதற்குள் பத்து நாள் போய்விட்டது.

நுரையீரல் பிளேக்கில் பத்து நாள் என்பது கிட்டத்தட்ட நம்ப முடியாத இடைவெளி. அறிகுறி தொடங்கி 24 மணி நேரத்துக்குள் சரியான மருந்து போகாவிட்டால் பிழைப்பது கடினம் என்பதுதான் இந்த நோய்க்குப் பாடநூல்கள் சொல்லும் கணக்கு. சிகிச்சையே இல்லாவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் இறந்துவிடுவார்கள். இவர் பிழைத்தார். 23 நாள் மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்பினார். வேறு ஏதோ கிருமி என்று நினைத்துக் கொடுத்த மருந்துகளில் ஒன்று பிளேக் கிருமியையும் ஓரளவு அடக்கிப் பிடித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். நிமோனியாவுக்கு வழக்கமாக முதலில் கொடுக்கும் மருந்துகளில் பென்சிலின் வகையும் அதன் உறவுகளும் பிளேக்குக்கு நம்பத்தக்கவை அல்ல. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் ஆகியவைதான் கேட்கும். எந்த மருந்து முதலில் கைக்கு வருகிறது என்பதில் உயிர் ஊசலாடுகிறது.

இயந்திரம் ஏன் தவறாகச் சொன்னது?

இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் நின்று யோசித்த இடம் இதுதான்.

பெரிய மருத்துவமனைகளின் ஆய்வகத்தில் இன்று கிருமியை அடையாளம் காண்பது பெரும்பாலும் இயந்திரம். பரவலாக உள்ள ஒரு வகை இயந்திரத்தில், வளர்ந்த கிருமியை ஒரு சிறு அட்டையில் உள்ள பல குழிகளில் விடுவார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு ரசாயனம் இருக்கும். எந்தச் சர்க்கரையைக் கிருமி புளிக்கவைக்கிறது, எதைச் சிதைக்கிறது என்று பார்த்து, தன் பட்டியலில் உள்ள கிருமிகளோடு ஒப்பிட்டு, மிக நெருக்கமான பெயரை இயந்திரம் அச்சடித்துக் கொடுக்கும். பட்டியலில் இல்லாத, அல்லது சரியாகப் பதிவாகாத கிருமி வந்தால், ‘தெரியவில்லை’ என்று சொல்வதற்குப் பதில் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடுவதும் உண்டு.

பிளேக் கிருமி இதற்கு ஏற்றாற்போல் நடந்துகொள்கிறது. மெதுவாக வளரும். மற்ற கிருமிகளுக்கு 37 டிகிரி பிடிக்கும் என்றால் இது 28 டிகிரியில்தான் நன்றாக வளரும். ஆய்வகத்தின் வளர்ப்புப் பெட்டியோ 37 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். ரசாயனச் சோதனைகள் பலவற்றுக்கும் இது பதில் சொல்லாமல் சும்மா கிடக்கும். போதாததற்கு, உயிரி ஆயுதமாகப் பயன்படக்கூடிய கிருமி என்று அமெரிக்காவில் கடும் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. சாதாரண ஆய்வகம் பழகிப் பார்ப்பதற்கு மாதிரிகூட எளிதில் கிடைக்காது. ஆக, வாழ்நாள் முழுக்க அந்த வேலையில் இருப்பவரும் இந்தக் கிருமியை ஒருமுறைகூட நேரில் பார்த்திருக்க மாட்டார்.

இப்படி நடப்பது இது முதல் முறையும் அல்ல. பிளேக் கிருமிக்கு இயந்திரங்கள் வேறு பெயர்கள் சூட்டிய நிகழ்வுகள் உண்டு. அதன் நெருங்கிய உறவான யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸ் என்று சொல்வது இவற்றில் வாடிக்கையானது.

ஆனால் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கண்ணாடிச் சில்லில் தடவி ரைட் அல்லது ஜீம்சா சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், கிருமியின் இரு முனைகளும் அடர்ந்த நிறத்திலும் நடுப்பகுதி வெளுத்தும் தெரியும். இது மட்டும் வைத்துப் பிளேக் என்று முடிவுகட்ட முடியாது. வேறு சில கிருமிகளும் அப்படித் தெரியும். ஆனாலும் ‘கொஞ்சம் பொறு, மேலே அனுப்பிப் பார்’ என்று ஒருவரை நிறுத்த அது போதும். கடுமையான நிமோனியா, ரத்தத்தில் அபூர்வமான பெயருள்ள கிருமி, வீட்டில் ரத்தம் கக்கிய நாய். இந்த மூன்றும் ஒரே ஆளின் கவனத்துக்கு வந்திருந்தால் பத்து நாள் ஆகியிருக்காது. மூன்றும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆட்களிடம் இருந்தன.

தேடல்

பெயர் தெரிந்த பிறகு வேலை வேகமாக நடந்தது. உரிமையாளரின் வீட்டைப் பற்றி விசாரித்தபோதுதான் நாயின் கதை வெளியே வந்தது. நாயின் மாதிரிகளைச் சோதித்ததில் அதிலும் பிளேக் உறுதியானது.

நாயோடு தொடர்பில் இருந்த இன்னும் மூன்று பேர் அதற்குள் காய்ச்சலும் இருமலுமாக இருந்தார்கள். இருவர் நாயைக் கையாண்ட கால்நடை மருத்துவமனை ஊழியர்கள். மூன்றாமவர் உரிமையாளருக்கு நெருக்கமானவர். நாயோடும் இருந்தவர், நோயில் விழுந்த உரிமையாளரோடும் இருந்தவர். மூவரில் இருவருக்கு எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்தது. மூவரிடமும் பிளேக் தொற்றுக்கான சான்று கிடைத்தது. மூவரும் தேறினார்கள்.

நாயோடும் நோயாளிகளோடும் பழகியவர்கள் என்று மொத்தம் 114 பேரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஒரு நாய், நான்கு மனிதர்கள், 114 பேர்! மருத்துவமனையில் நோயாளிக்குக் குழாய் பொருத்தியவர், ரத்த மாதிரியைக் கையாண்டவர், எக்ஸ்ரே எடுத்தவர், எல்லாரும் இந்தக் கணக்கில் வந்துவிடுவார்கள். பிளேக் என்று தெரியாத நாட்களில் யாரும் தனி முகக்கவசமோ கண்ணாடியோ போட்டிருக்க மாட்டார்கள். ஆபத்து இருந்திருக்கக்கூடும் என்று கருதியவர்களுக்கு முன்தடுப்பாக ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வழக்கமாக அது ஏழு நாள் மாத்திரை. டாக்ஸிசைக்ளின் போன்ற மலிவான, எங்கும் கிடைக்கும் மருந்தே போதும்.

உரிமையாளருக்கு நெருக்கமாக இருந்தவருக்கு நோய் எங்கிருந்து வந்தது? நாயிடமிருந்தா, உரிமையாளரிடமிருந்தா? இதைத் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. உரிமையாளரிடமிருந்துதான் என்றால், அமெரிக்காவில் 1924-க்குப் பிறகு பிளேக் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய முதல் நிகழ்வு இதுவாகும். அந்த 1924, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பரவிய நுரையீரல் பிளேக். அது முப்பது பேர் அளவில் பலிகொண்டது. 2014-இல் ஏற்பட்டது ‘இருக்கலாம்’ என்ற அளவில்தான் இந்த நிகழ்வைப் பற்றிய சுகாதாரத் துறையினரின் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. அப்படி எழுதியதுதான் சரி. இரண்டு வழிகளும் திறந்திருந்த ஒருவரைப் பற்றி உறுதியாக எழுதினால் செய்தித்தாள்களுக்குத் தலைப்பு கிடைக்குமே தவிர வேறு பயனில்லை.

நாய்க்கு எங்கிருந்து?

கொலராடோவில் பிரெய்ரி நாய் என்றொரு பிராணி உண்டு. பெயரில்தான் நாய், உண்மையில் தரையில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் அணில் இனம். பிளேக் ஒரு வளைக்கூட்டத்துக்குள் நுழைந்தால் அநேகமாக மொத்தக் கூட்டமும் செத்துவிடும். பிராணி செத்து உடல் குளிர்ந்ததும் அதன் மேலிருந்த தெள்ளுப்பூச்சிகள் பசியோடு வெளியே வந்து அடுத்த சூடான உடலுக்குக் காத்திருக்கும். வளைக்குள் மூக்கை நுழைக்கும் நாயோ, கூடாரம் அடிக்கும் மனிதரோ, எது வந்தாலும் சரி. முயல், பாறை அணில், எலி இவற்றிலும் இதே கதைதான். நாய் நோயுற்ற பிராணியைக் கவ்வித் தின்றாலும் தொற்றும்.

இந்தக் கிருமி அமெரிக்காவுக்கு 1900 வாக்கில் கப்பல் எலிகளோடு வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கி, நகர எலிகளிடமிருந்து காட்டு அணில்களுக்குத் தாவி, மேற்குப் பகுதி முழுவதும் குடியேறிவிட்டது. நகர எலிகளை ஒழித்துவிடலாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் புல்வெளியில் உள்ள அணில்களை என்ன செய்ய முடியும்? பெரியம்மையை உலகிலிருந்தே துடைத்ததுபோல் பிளேக்கைத் துடைக்க முடியாததற்குக் காரணம் இதுதான். மனிதர் இல்லாமலே அது காலம் தள்ளும்.

விவாதம்

பிளேக் மூன்று விதமாக வரும் என்று படித்திருப்போம். தெள்ளுப்பூச்சி கடித்த பக்கத்து நெறியில் (நிணநீர்க் கணுவில்) வீக்கம் கட்டி வருவது பெருவாரி. ரத்தத்தில் நேரடியாகக் கிருமி பெருகுவது இரண்டாவது. நுரையீரலில் வருவது மூன்றாவது. கொலராடோவில் நடந்தது இந்த மூன்றாவது. மற்ற இரண்டோடு இதை ஒரே தட்டில் வைத்துப் பேசக் கூடாது.

காரணம் கிருமியின் மேலுறையில் இருக்கிறது. தெள்ளுப்பூச்சியின் உடல் குளிர்ச்சியானது. அதற்குள் இருக்கும்வரை கிருமிக்கு அந்த உறை கிடையாது. 37 டிகிரி உடலுக்குள் வந்த பிறகுதான் நம் வெள்ளணுக்களுக்குப் பிடிகொடுக்காத வழவழப்பான உறை ஒன்றைக் கிருமி போர்த்திக்கொள்கிறது. அதற்குச் சில மணி நேரம் ஆகும். அப்புறம் நெறிக்குப் போய்ப் பெருகி, வீக்கம் காட்டி, ரத்தத்தில் இறங்கக் கொஞ்ச நாள். ஆனால் நாயின் நுரையீரலிலிருந்து இருமலோடு தெறித்து வரும் கிருமி ஏற்கெனவே சட்டை போட்டுக்கொண்டு தயாராக வருகிறது. போய் இறங்குவதும் நேரே நுரையீரலில். ஒன்று முதல் மூன்று நாளில் ஆளைப் படுக்கவைத்துவிடும். நெறி கட்டாது. மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சந்தேகப்பட எந்த அடையாளமும் இருக்காது. வெறும் நிமோனியாவாகத்தான் தெரியும்.

ஒரு நல்ல செய்தியும் இதோடு சேர்ந்தே இருக்கிறது. நுரையீரல் பிளேக் அம்மையைப் போலக் காற்றில் மிதந்து அறை முழுக்கப் பரவுவதில்லை. எச்சில் துளிகளாகத்தான் போகிறது. சுமார் இரண்டு மீட்டருக்குள், முகத்துக்கு முகம் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து. அதுவும் நோய் முற்றி ரத்தம் கலந்த சளி வரும்போதுதான் அதிகம். அதனால்தான் பத்து நாள் தெரியாமல் இருந்தும் கொலராடோ மருத்துவமனையில் பெரிய பரவல் நடக்கவில்லை. வீட்டில் மடியில் வைத்துப் பார்த்துக்கொள்பவர், மருத்துவமனையில் தொண்டையில் குழாய் இறக்குபவர், கால்நடை மருத்துவமனையில் நாயைப் பிடித்துக்கொள்பவர், இவர்கள்தான் முன்வரிசை.

இதே கதை வேறு ஊர்களில் எப்படி முடிந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும்.

2009-இல் சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில் சிக்கேத்தான் என்ற சிற்றூரில் ஒரு மேய்ப்பரின் நாய் செத்தது. அதைப் புதைத்தவர் சில நாளில் நுரையீரல் பிளேக்கால் இறந்தார். அவரைக் கவனித்தவர்களும் உறவினர்களுமாக 12 பேருக்கு நோய், மூன்று பேர் இறப்பு. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் உள்ள ஊரையே சுற்றி வளைத்துப் பூட்டினார்கள். 2002-இல் இமாச்சலப் பிரதேசத்தின் சிம்லா மாவட்டத்தில் ஒரு வேட்டைக்காரர் நோயுற்ற காட்டுப்பூனையைத் தோலுரித்தார். அவரில் தொடங்கி 16 பேருக்கு நுரையீரல் பிளேக், நான்கு பேர் இறப்பு. 2007-இல் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பூங்காவில் பணிபுரிந்த உயிரியலாளர் ஒருவர், செத்துக் கிடந்த மலைச்சிங்கத்தை (பூமா என்ற காட்டுப்பூனை இனம்) அறுத்துப் பரிசோதித்தார். ஒரு வாரம் கழித்து வீட்டில் இறந்து கிடந்தார். இடையில் அவர் ஒரு மருத்துவரைப் பார்த்திருந்தார். பிளேக் என்ற எண்ணமே எழவில்லை.

மடகாஸ்கர் வேறு அளவு. 2017 ஆகஸ்ட் இறுதியில் 31 வயது ஆண் ஒருவர் மலேரியா என்ற எண்ணத்தில் கூட்டம் நிறைந்த வண்டியில் தலைநகர் அன்டனானரிவோ வழியாகக் கடற்கரை நோக்கிப் பயணம் செய்து, வழியிலேயே இறந்தார். செப்டம்பர் நடுவில்தான் அது பிளேக் என்று தெரிய வந்தது. நவம்பர் இறுதிக்குள் சந்தேகத்துக்குரியவையும் சேர்த்து 2,417 நோயாளிகள், 209 இறப்புகள். நான்கில் மூன்று பங்குக்கு மேல் நுரையீரல் வகை. மருத்துவப் பணியாளர்கள் 81 பேரும் அந்தக் கணக்கில் உண்டு. இந்த 2,417-இல் ஆய்வகத்தில் உறுதியானவை சிறு பகுதிதான் என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் இந்த எண்ணை மட்டும் எடுத்துப் பயமுறுத்துவது நேர்மை இல்லை. ஆனாலும் ஒரு வண்டிப் பயணத்திலிருந்து எவ்வளவு தூரம் போகும் என்பதை அது காட்டுகிறது.

மொத்த எண்ணிக்கையில் பிளேக் சிறிய நோய்தான். 2010 முதல் 2015 வரை உலகம் முழுவதும் பதிவானவை 3,248, இறப்பு 584. மடகாஸ்கர், காங்கோ ஜனநாயகக் குடியரசு, பெரு ஆகிய மூன்று நாடுகளில்தான் பெரும்பாலும். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக ஏழு பேர். சாலை விபத்தோடு ஒப்பிட்டால் கணக்கிலேயே வராது. ஆனால் ஆபத்தை எத்தனை பேருக்கு வருகிறது என்று மட்டும் அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. மலிவானதும்கூட. கிருமி அநேகமாக எல்லா இடத்திலும் அந்த மருந்துக்கு அடங்குகிறது. 1995-இல் மடகாஸ்கரில் பல மருந்துகளுக்கும் அடங்காத திரிபு ஒன்று ஒரு நோயாளியிடம் கிடைத்தது. நல்லவேளை, அது பரவவில்லை. அப்படியிருந்தும் ஆட்கள் சாகிறார்கள் என்றால், மருந்துக்கும் நோயாளிக்கும் நடுவே யாருக்கும் அந்த நோயின் பெயர் தோன்றாமல் கழியும் நேரத்தால்தான். அபூர்வமாக வருவதால் தோன்றுவதில்லை; தோன்றாததால் சாகிறார்கள். 2025 ஜூலையில் அரிசோனாவின் கோகோனினோ மாவட்டத்தில் ஒருவர் நுரையீரல் பிளேக்கோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து அன்றே இறந்தார். 2007-இல் உயிரியலாளர் இறந்த அதே மாவட்டம்.

இந்த நேரத்தைக் குறைக்க விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. பிளேக் உள்ள பகுதியில் காய்ச்சலோடு வருபவரிடம் இரண்டு கேள்விகள்: வீட்டு விலங்கு ஏதும் நோயுற்றதா, செத்ததா? காட்டு விலங்கைத் தொட்டீர்களா, அறுத்தீர்களா? பதில் ஆம் என்றால் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் பிளேக்குக்குக் கேட்கும் மருந்தைத் தொடங்கிவிட்டு, நோயாளிக்கும் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் முகக்கவசம் மாட்ட வேண்டும். 48 மணி நேரம் சரியான மருந்து போய், நோயாளி தேற ஆரம்பித்த பிறகு தனிமைப்படுத்தலைத் தளர்த்தலாம். ஆய்வகத்தில் அபூர்வமான ஒரு பெயரை இயந்திரம் அச்சடித்தால், அதுவும் நோயாளி ரத்தம் கக்கும் நிமோனியாக்காரர் என்றால், மாநில ஆய்வகத்துக்கு ஒரு போன்.

கால்நடை மருத்துவர்களுக்குத்தான் இதில் சங்கடம் அதிகம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் 1977 முதல் 1998 வரை பூனையிடமிருந்து பிளேக் தொற்றிய மனிதர்கள் 23 பேர். பூனைகளுக்குச் சிகிச்சை தந்தவர்களும் அதில் இருந்தார்கள். கொலராடோவுக்குப் பிறகு நாயையும் அந்தப் பட்டியலில் சேர்த்தாக வேண்டியிருக்கிறது. காய்ச்சலோடு இருமலில் ரத்தம் வரும் நாய் என்றால், அதைப் பிடிக்கும் உதவியாளர் உட்பட எல்லோரும் முகக்கவசம் போடுவது, செத்தபின் உடலை எரிப்பதற்கு முன் மாதிரி எடுத்து வைப்பது, வீட்டாரின் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த ஒரு வாரத்தில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வது. வளர்ப்பவர் பங்குக்கு, நாயைப் பிரெய்ரி நாய் வளைகளின் பக்கம் அவிழ்த்துவிடாமல் இருப்பதும், தெள்ளுப்பூச்சி மருந்தை மாதாமாதம் தவறாமல் போடுவதும், அதோடு ஒரே படுக்கையில் தூங்காமல் இருப்பதும். கடைசியாகச் சொன்னதை அங்கே பலரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.